இரண்டு பேர் நடக்கும் இட்டேரி

ஏப்ரல் 5, சனி

பிரபாவிடம் இன்று சொல்லாமல் விட்டது: ஜெசிந்தா கொண்டுவந்த காபி என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

"பரவால்ல, கொஞ்சம் தண்ணியா இருக்கு" என்றுதான் சொன்னேன். தண்ணியாக இல்லை. குடித்து முடித்த பிறகும் நாக்கின் ஓரத்தில் ஏதோ பழத்தின் புளிப்பு மாதிரி நின்றது. பிரபா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். என் காபிக்கு அவள் ஒரு நாளும் கண்ணை மூடியதில்லை.

மூன்று வருடமாகச் சனி, ஞாயிறு காலைகள் எங்கள் இருவருக்கு மட்டுமானவை. விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். இப்போது வடவள்ளியில் அடுத்தடுத்த வீதி. அவள் பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள், நான் ஒரு கல்லூரி நூலகத்தில். வாரம் முழுக்க அவளுக்குச் சத்தம், எனக்கு மௌனம். சனிக்கிழமை விடிந்ததும் மலையடிவாரத்தில் நடந்துவிட்டு, வழி இரண்டாகப் பிரியும் கவைப்பாறையில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் காபி குடித்து, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புவோம். சனி என் காபி, ஞாயிறு அவள் காபி. காலையில் போன் எடுத்து வரக் கூடாது. எங்கள் சட்டங்கள் இவ்வளவுதான். மூன்றாவது ஆளைப் பற்றிச் சட்டம் போடத் தேவைப்படும் என்று தோன்றியதே இல்லை.

பிரபாவின் கீழ்வீட்டுக்குப் போன மாதம் குடிவந்தவள் ஜெசிந்தா. குன்னூர்க்காரி. இங்கே ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். முப்பத்தைந்து வயதிருக்கும். அவளுடைய அப்பா கொட்டையை வீட்டிலேயே இரும்பு வாணலியில் வறுத்து அனுப்புகிறாராம்.

"சிக்கரியே போடலீங்களாக்கா?" என்று பிரபா கேட்டாள்.

"எங்கப்பா காதுல விழுந்தா அடிப்பாரு" என்றாள் ஜெசிந்தா.

பிரபா பாறையில் சாய்ந்து சிரித்தாள். அவ்வளவு பெரிய நகைச்சுவை ஒன்றுமில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று பிரபாவின் முறை. கையை வீசிக்கொண்டு வந்தாள். ஃபிளாஸ்க் ஜெசிந்தாவின் தோளில் தொங்கியது.

ஏப்ரல் 12, சனி

கவைப்பாறையிலிருந்து வலப்பக்கம் போவது மலைத்தடம். மலையடியை ஒட்டிப் போகும். நிழலும் காற்றும் உண்டு, ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். இடப்பக்கம் போவது இட்டேரி. தோட்டங்களுக்கு நடுவே இருபக்கமும் உயிர்வேலி வளர்ந்த வண்டிப்பாதை, குளத்தில் போய் முடியும். எனக்குப் பிடித்தது மலைத்தடம். ஆனால் இரவில் யானை இறங்கியிருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது.

அதற்காக நானும் பிரபாவும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். என் வீடு கடைசி வீதியில் இருப்பதால் நான்தான் முதலில் போவேன். ஐந்தரைக்கு மேல்தோட்டங்களிலிருந்து பால்கேனோடு மொபட்டில் இறங்கும் ரங்கண்ணனை நிறுத்திக் கேட்பேன். அவருக்குத் தெரியாமல் அந்த மலையில் ஒரு யானையும் அசையாது. இறங்கியிருக்கிறது என்று சொன்னால், மலைத்தடம் தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டு இட்டேரியில் நடக்கத் தொடங்குவேன். பிரபா ஸ்கூட்டரில் வந்தாலும் ஆறே காலுக்கு முன் வந்து சேர்ந்த சரித்திரமில்லை. கோட்டைப் பார்த்ததும் என்னைத் தேடி இடப்பக்கம் வருவாள். கோடு இல்லையென்றால் நான் மலைத்தடத்தில் இருப்பேன். பழைய பவுடர் டப்பா ஒன்றில் கோலப்பொடி அடைத்து என் பையில் எப்போதும் வைத்திருக்கிறேன்.

இன்று ரங்கண்ணன், "வந்துட்டுப் போயிருக்குதுங் அம்மிணி, சாணி இன்னும் சூடு ஆறலை" என்றார். கோடு போட்டேன். குளத்துக்குப் பாதி வழியில் அவர்கள் இருவரும் என்னைப் பிடித்தார்கள். ஜெசிந்தாவுக்கு இந்தக் கோடு மிகவும் பிடித்துவிட்டது.

"லட்சுமணன் போட்ட கோடு மாதிரி" என்றாள்.

"எங்க லட்சுமணன் பொம்பளைங்கக்கா, தாண்டுனா யானை" என்றாள் பிரபா.

எங்க. அந்தச் சொல்லை எனக்காகத்தான் சொன்னாள் என்று வைத்துக்கொண்டேன்.

இட்டேரியில் இரண்டு பேர்தான் சேர்ந்து நடக்கலாம். மூன்றாவது ஆள் பின்னால் வரவேண்டும். ஆவாரம்பூவைப் பார்க்க ஒரு நிமிடம் நின்றேன். நிமிர்ந்தபோது அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். குளம் வரை இரண்டு பின்னல்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பிரபாவுக்குச் செம்போத்துப் பறவையின் குரலைச் சொல்லிக் கொடுத்தவள் நான். இன்று ஒன்று கத்தியபோது அவள் என் பக்கம் திரும்பவில்லை. "அக்கா, செம்போத்து" என்றாள்.

ஜெசிந்தாவை அக்கா என்று கூப்பிட எனக்கு வாய் வருவதில்லை. "நீங்க" என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. அம்மாவுக்கு மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ பறித்துக் கொடுத்தேன். மாலையில் டவுனுக்குப் பேருந்தில் போய் சிக்கரி இல்லாத கொட்டை அரைக் கிலோ அரைத்து வாங்கி வந்தேன். எதற்கு என்று அம்மா கேட்டாள். மாற்றமாக இருக்கட்டும் என்றேன்.

ஏப்ரல் 19, சனி

விடியற்காலை நாலரைக்கு எழுந்து டிகாக்‌ஷன் இறக்கினேன். தண்ணீர் அதிகக் கொதியில் இருந்திருக்க வேண்டும். கசந்துவிட்டது. தெரிந்தும் கொண்டுபோனேன்.

பிரபா ஒரு மடக்கு குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னடீ இது, உன் காபி மாதிரியே இல்ல?"

"சிக்கரி இல்லாம போட்டேன்."

"உன்னை யாரு கேட்டா? உன்னுதுல சிக்கரி தூக்கலாத்தான் இருக்கும். அது ஒரு டேஸ்ட்."

மூன்று வருடங்கள். சிக்கரி தூக்கல் என்று இன்றுதான் அவளுக்குத் தெரிகிறது. ஒப்பிட இன்னொன்று இல்லாதவரை யாருக்கும் எதுவும் தெரிவதில்லை போலிருக்கிறது. ஜெசிந்தா எதுவும் சொல்லாமல் முழு டம்ளரையும் குடித்தாள். அதுதான் அதிகமாக எரிந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

போகவில்லை. துணிகளை ஊறவைத்தேன். மின்விசிறியைத் துடைத்தேன். ஆறே முக்காலுக்கு இருவரும் என் வீதி முனையில் சிரித்துக்கொண்டு போவது கேட்டது. வாசலுக்கு வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன் என்று எழுதமாட்டேன்.

மே 3, சனி

ஜெசிந்தா ஊருக்குப் போயிருக்கிறாள். நானும் பிரபாவும் மட்டும். ரங்கண்ணன் "இன்னைக்கு ஒண்ணுமில்லீங், தாராளமாப் போங்" என்றார். மலைத்தடத்தில் நடந்தோம். கொன்றை பூத்துக் கிடந்தது. எல்லாம் பழையபடி இருந்தது, பிரபா பேசியதைத் தவிர. ஜெசிந்தாக்கா இந்தக் கல்லைப் பற்றி என்ன சொன்னாள், அவளுடைய வகுப்பில் ஒரு பெண் என்ன கேட்டாள், மலைக்காய்ச்சலுக்கு அவளுடைய அம்மா என்ன கஷாயம் வைப்பாள். நடுவில் எனக்கு ஒரு விபரீதமான எண்ணம் வந்தது: ஜெசிந்தாவும் வந்திருந்தால் இவ்வளவு நேரம் அவளைப் பற்றிப் பேச முடியாதே.

காபி குடிக்கும்போது பிரபா ஏதோ சொல்ல வந்தாள். "சாரு, நான் ஒண்ணு..." என்று தொடங்கிவிட்டு, "ஒண்ணுமில்ல, அப்புறம்" என்றாள்.

நான் துருவவில்லை. எனக்குப் பிடித்தமானவர்களை நான் துருவுவதில்லை. அது ஒரு பெரிய குணம் என்று நினைத்திருந்தேன்.

மே 11, ஞாயிறு

பிரபா தொப்பி வாங்கியிருக்கிறாள். ஜெசிந்தாவுடையது போலவே, ஓரம் அகலமாக. என்னிடம் கேட்டாள், எப்படி இருக்கிறது என்று. நன்றாக இருக்கிறது என்றேன். இருந்தது.

மே 17, சனி

பாறையில் உட்கார்ந்திருந்தோம். சூடான காற்று. ஜெசிந்தா மேகத்தைப் பார்த்துவிட்டு, "இங்க என்ன மழை வரும், சாரல்தான். புனேல நீ பார்க்கப் போற பாரு, அதுதான் மழை" என்றாள்.

பிரபா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"புனேல என்ன?" என்று கேட்டேன்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "சாருவுக்கு இன்னும் சொல்லலையா நீ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

புனேயில் வேறொரு பம்பு கம்பெனி. பிப்ரவரியில் விண்ணப்பித்து, ஏப்ரல் கடைசியில் வேலை உறுதியாகிவிட்டது. ஜூன் 18 சேரவேண்டும். கீழ்வீட்டுக்கு மூன்று வாரமாகத் தெரியும்.

"உன்கிட்ட சொல்லத்தான்டீ பயமா இருந்துச்சு" என்றாள் பிரபா. "அக்காகிட்ட வாய்தவறி வந்துருச்சு."

"நல்ல செய்திதானே. இதுக்கு எதுக்குப் பயம்" என்றேன். என் குரல் நூலகத்தில் பேசும் குரலாக இருந்தது. டம்ளர்களைக் கழுவினேன். ரங்கண்ணன் மேலே திரும்பிப் போகும்போது கையசைத்தார், பதிலுக்கு அசைத்தேன். டப்பாவில் கோலப்பொடி தீர்ந்துபோயிருந்தது. அதைப் பற்றிக்கூடப் பேசினேன். "அடுத்த வாரம் வாங்கி அடைக்கணும்" என்றேன். இவ்வளவும் ஒரே மாதிரியான குரலில்.

சொல்லாமல் விட்டது: ஒன்றைக்கூட எழுத முடியவில்லை.

மே 21, புதன்

நூலகத்தில் விடுமுறைக் கணக்கெடுப்பு. ஒரு புத்தகத்தை அதற்குரிய இடத்திலிருந்து ஒரு தட்டு தள்ளி வைத்தால் போதும், தொலைந்தது மாதிரிதான். யாரும் திருடியிருக்க மாட்டார்கள். எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளிருக்காது, அவ்வளவுதான்.

கோலப்பொடி ஒரு பாக்கெட் வாங்கினேன். டப்பாவில் அடைத்தேன்.

மே 24, சனி. காலை

ஐந்தரைக்குப் பாறைக்குப் போனேன். ரங்கண்ணன் மொபட்டை நிறுத்தாமலே, "வலப்பக்கம் வேண்டாமுங் அம்மிணி, ரெண்டு உருப்படி. ஒண்ணு குட்டி. ஓடைக்கு இந்தப் பக்கமே நிக்குது" என்று சொல்லிக்கொண்டே போனார்.

சரிங்கண்ணா என்றேன்.

பாறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு. தலைவலி. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு பேராக நடக்க இட்டேரிதான் வசதி. அவர்கள் எப்படியும் அந்தப் பக்கம்தான் போவார்கள்.

காய்ந்த துணிகளை மடித்து வைத்தேன். அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தேன்.

மே 24, சனி. மாலை

ஜெசிந்தாவுக்குக் கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. நாளைக்கு ஆபரேஷன். பிரபாவுக்கு முழங்கை சிராய்ப்பு மட்டும்.

நடந்தது இது. ஆறரைக்கு மலைத்தடத்தில் போயிருக்கிறார்கள். ஓடைத் திருப்பத்தில் முப்பதடி தூரத்தில் தாய் யானை. திரும்பி ஓடும்போது ஜெசிந்தா காய்ந்த ஓடையில் விழுந்துவிட்டாள். பிரபா அவளை ஒரு பாறைக்குப் பின்னால் இழுத்துப்போட்டு, அவளுடைய வாயைத் தன் கையால் பொத்திக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்திருக்கிறாள். ஏழரைக்குத் திரும்பி வந்த ரங்கண்ணன் கவைப்பாறையில் பிரபாவின் ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டு வனத்துறை வாட்சர்களைக் கூட்டிவந்தார். பட்டாசு வெடித்துக் குட்டியோடு மேலே ஏற்றிவிட்டார்களாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ரங்கண்ணன் என்னைப் பார்த்ததும், "ஏனுங் அம்மிணி, காலையில படிச்சுப் படிச்சுச் சொன்னனே, இவங்க எப்படிங் உள்ள போனாங்க?" என்றார்.

பிரபா என் பக்கம் திரும்பினாள். அவளுடைய தொப்பி எங்கேயோ போயிருந்தது. தலை முழுக்க மண்.

"கோடு போட்டேன்" என்றேன்.

"கோடே இல்லடீ."

அவளே யோசித்தாள். யோசிக்கும்போது அவளுக்குப் புருவம் ஒன்று மட்டும் ஏறும்.

"கோலப்பொடி தீந்துபோச்சுன்னு போன வாரம் சொன்னியே. வீட்டுல இருந்து அரிசி மாவு எடுத்துட்டு வந்து போட்டியா?"

"ம்."

"அட லூசு. எறும்பு தின்னுருக்கும்."

ரங்கண்ணன், "அரிசி மாவுன்னா நிக்குமுங்களா, கட்டெறும்பு அள்ளிட்டுப் போயிருக்கும்" என்று தலையாட்டினார். பிரபா என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஏப்ரலிலிருந்து நான் காத்திருந்த தோள் சாய்தல் அது.

கோடு போட்டேன். அரிசி மாவு. எறும்பு தின்றுவிட்டது.

மே 25, ஞாயிறு

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் கட்டு. குன்னூரிலிருந்து அவளுடைய அப்பா வந்திருக்கிறார். ஒல்லியான மனிதர். பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் எல்லோருக்கும் காபி வாங்கி வந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக் கேன்டீன் காபியை அவரே ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்காமல் வைத்திருந்தார்.

கீழே வரும்போது பிரபாவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இட்டேரிப் பக்கம் போகாம ஏன்டீ மலைத்தடத்துல போனீங்க?"

"உன்னைத் தேடித்தான்" என்றாள். "கோடும் இல்ல, நீயும் இல்ல. நீ முன்னாடி போயிட்டேன்னு நெனச்சோம். ஒரு வாரமா நீ சரியாவே பேசலை. அக்காதான் சொன்னாங்க, சாரு தனியாப் போயிருக்கா, வேகமா நடந்தாப் பிடிச்சிரலாம்னு. ஓடினோம்டீ. அதனாலதான் யானை நிக்கறதே தெரியலை."

மே 28, புதன்

இடியாப்பத்துக்காக அம்மா அரிசி மாவு டப்பாவைத் திறந்தாள்.

"கோடு போட மாவு எடுத்தேன்னியாமே. பிரபாவோட அம்மா சொன்னா. தைப் பொங்கலுக்குத் திரிச்ச மாவு, தலை தட்டி வெச்சது அப்படியே இருக்குது."

"கொஞ்சமாத்தான் எடுத்தேன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மாவைச் சலித்தாள். இரவு இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால்.

மே 31, சனி

நானும் பிரபாவும் மட்டும். என் காபி, பழைய காபி, சிக்கரி தூக்கலாக. "இதுதான்டீ சனிக்கிழமை" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் குளம் வரைக்கும் நடந்தேன். வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள், அக்காவை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கக் கூடாது என்று. "எல்லாம் என்னாலதான்" என்றாள்.

இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆம் என்றும் சொல்லவில்லை. குளத்தில் நாமக்கோழி இரண்டு.

கேட்டது கிடைத்துவிட்டது. ருசி தெரியவில்லை.

ஜூன் 7, சனி

மாலையில் ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போனேன். தனியாக. ஃபிளாஸ்கில் என் காபி. அவளுடைய அப்பா கடைக்குப் போயிருந்தார். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். துணைத்தேர்வுத் தாள்களாம், கட்டுப்போட்ட காலையும் விடமாட்டேன் என்கிறார்கள் என்றாள்.

காபியைக் குடித்தாள். "இதை நான் சொன்னதே இல்லை. உங்க காபி நல்லா இருக்கும். எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

நான் சொல்ல வேண்டியதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று மூன்று நாளாகத் தயார் செய்திருந்தேன். "அன்னைக்குக் கோடு..." என்றேன்.

அவள் சிவப்புப் பேனாவை மூடினாள்.

"அன்னைக்கு என் ஷூ லேஸ் அவுந்துபோச்சு" என்றாள். "மலைத்தடம் ஆரம்பிக்கற இடத்துலதான் உக்காந்து கட்டினேன். நீங்க எப்பவும் கோடு போடற அதே இடம். அரிசி மாவு போட்டிருந்தா ஒரு எறும்பு வரிசையாவது இருக்கணுமில்ல. ஒண்ணுகூட இல்லை. அதுவும் ஒரு முழக் கோட்டை முக்கால் மணி நேரத்துல தின்னு முடிக்க எறும்புக்கு என்ன கல்யாணப் பந்தியா." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப எறும்பு எறும்புன்னு பிரபா சொல்லிட்டே இருந்தா. அப்பவே எனக்குத் தெரியும்."

ஃபிளாஸ்கின் மூடியை இறுக்கினேன்.

"அவகிட்ட நான் சொல்லலை" என்றாள். "சொல்றதும் சொல்லாததும் உங்க பாடு."

"ஏன் சொல்லலை?"

"அவளுக்கு நீங்கன்னா உசிரு. அதை உடைக்கறது என் வேலை இல்லை. அவ்வளவுதான். உங்களை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. ராத்திரி காலு வலிக்கறப்ப உங்களை நல்லாத் திட்டறேன்."

அவள் கத்தியிருக்கலாம். பிரபாவிடம் சொல்லி முடித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவளைத் தொடர்ந்து வெறுக்க எனக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும். காபியைப் போலவே இதிலும் அவள் என்னைவிட நன்றாகச் செய்துவிட்டாள். இதை எழுதும்போதும் எனக்குப் பொறாமைதான் வருகிறது, வெட்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது. வருகிற வரிசையையாவது ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

பிரபாவின் வீட்டில் பெட்டி கட்ட உதவினேன். போர்வைகள், குக்கர், மூன்று வருடத்துப் பறவைக் குறிப்பேடு. "இதை நீ வெச்சுக்கோ" என்றாள். "வேண்டாம், நீ எடுத்துட்டுப் போ" என்றேன். கடைசியில் அவள் பெட்டியில்தான் போனது.

சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

அவளுடைய கடைசிச் சனிக்கிழமை. நேற்று மாலை சாரல். ரங்கண்ணன் "வரலீங், ரெண்டு பக்கமும் போலாமுங்" என்றார். கவைப்பாறையில் ஈரம் காயாமல் இருந்தது. துண்டு விரித்து உட்கார்ந்தோம்.

பிரபாவிடம் சொன்னேன்.

இந்த நோட்டில் இதுவரை சொல்லாமல் விட்டதையெல்லாம் எழுதியிருக்கிறேன். சொன்னதை எழுதப் போவதில்லை. அவள் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்கும் பதில் சொன்னேன், அவளுக்கு மட்டும்.

கையிலிருந்த காபியை முழுக்கக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவினாள். என் பையைத் திறந்து பவுடர் டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். நிறைந்திருந்தது. அதைப் பாறைமேல் வைத்தாள்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"முதல்ல இருந்தே."

அதற்குத்தான் அவளுடைய முகம் மாறியது. நான் செய்ததைக் கேட்டபோதுகூட அப்படி மாறவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் கடைசியாக வந்து சேர்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மே 17 எனக்கு நினைவிருக்கிறது.

எழுந்து இட்டேரியில் நடந்தாள். வீட்டுப் பக்கம் போகவில்லை, குளத்துப் பக்கம் போனாள், வழக்கமாக நடப்பதுபோல. பின்னாலேயே போனேன். குளம் வரை அவளுக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது. நான் பின்னாலேயே நடந்தேன். அவள் ஒரு முறையும் திரும்பவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

மாலை ரயில். ஸ்டேஷனுக்குப் போகவில்லை. போகலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

ஏழு வாரமாக இதில் எழுதவில்லை. நடந்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பிரபா புனேயில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். எனக்குப் போன் செய்யவில்லை. நான் அனுப்பிய கடிதம் திரும்பி வரவில்லை, பதிலும் இல்லை. ஜெசிந்தாவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறாள். அங்கே மழை நிற்காமல் பெய்கிறதாம்.

ஜூலை எட்டாம் தேதி ஜெசிந்தாவுக்குக் கட்டுப் பிரித்தார்கள். தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள், சமதரையில் மட்டும். ஒருநாள் என் வீட்டு வாசலில் கைத்தடியோடு நின்றாள். "பிரபா இல்லாம எனக்குத் தனியா போரடிக்குது, உங்களுக்கும்தான்" என்றாள். அதிலிருந்து சனிக்கிழமைகளில் நானும் அவளும் இட்டேரியில் நடக்கிறோம், குளம் வரை இல்லை, பாதி வழி. காபி ஒரு வாரம் அவளுடையது, ஒரு வாரம் என்னுடையது. நாங்கள் அதிகம் பேசுவதில்லை.

இன்றும் ஐந்தரைக்கு நான்தான் முதலில் போனேன். ஆடிக்காற்று. ரங்கண்ணன் மொபட்டை நிறுத்தி, "மேல ஒண்ணு நிக்குதுங், இந்தப் பக்கம் பயமில்லை" என்றார். மலைத்தடத்தின் குறுக்கே கோடு போட்டேன். அவர் பால்கேனின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோதே ஜெசிந்தா தடியை ஊன்றி வந்து சேர்ந்தாள்.

"மலைப்பக்கம் ஒண்ணு இருக்காம். இட்டேரியில பயமில்லையாம்" என்றேன்.

கோட்டைப் பார்த்தாள். தலையாட்டினாள். பிறகு என்னைக் கடந்து மொபட்டிடம் போனாள்.

"ஏங்கண்ணா, இட்டேரிப் பக்கம் போலாங்களா?"

அவர் எனக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னார். அதன் பிறகு நடந்தோம்.